கான்ஃப்ளிக்ட் வந்தா பயப்படாதீங்க, வராதப்போ கொஞ்சம் பயப்படுங்க

மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்ததும் நம்ம ஆளுங்க மூணு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். முதல் கட்சி, விஎஸ் கோடில் தெரிகிற "அக்செப்ட் கரன்ட் சேஞ்ச்" பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கும். இரண்டாவது கட்சி, ஃபோல்டரையே டெலீட் பண்ணிவிட்டு ரெப்போவை மறுபடி க்ளோன் பண்ணும். மூன்றாவது கட்சி, வாட்ஸ்அப் குரூப்பில் "எல்லாரும் அவங்கவங்க கோடை ஜிப் பண்ணி அனுப்புங்க, நான் சேர்த்துக்கிறேன்" என்று மெசேஜ் போடும்.

மூன்று கட்சிக்கும் நம்பிக்கை ஒன்றுதான். சிவப்பு எழுத்து போய்விட்டால் பிரச்சினையும் போய்விட்டது. ஆனால் பல நேரம் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாலு பேர் டீமில் ஒருத்தர் ரெண்டு வாரம் உட்கார்ந்து எழுதிய கோடு, யாரும் வேணும்னு டெலீட் பண்ணாமலேயே காணாமல் போவது இப்படித்தான். கிட் ஒரு எர்ரர்கூட காட்டாது. ரெவ்யூ அன்னைக்கு டெமோ ஓடாதபோதுதான் தெரியும்.

கமாண்ட் லிஸ்ட் வேணும்னா நெட்டில் எங்கேயும் கிடைக்கும். மெர்ஜ் பண்ணும்போது கிட் உள்ளே என்ன கணக்குப் போடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அது புரிந்துவிட்டால் பாதி கமாண்டை மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்லை.

மூணாவது ஃபைல்

மெர்ஜ் என்றால் ரெண்டு ஃபைலை ஒப்பிட்டு ஒன்றாக்குவது என்றுதான் நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரெண்டு ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்யவே முடியாது. ஏன் என்று ஒரு சின்ன உதாரணத்தில் பார்ப்போம்.

சிம்போசியம் வெப்சைட்டுக்கு ஒரு ஃபைல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சு வரி: தலைப்பு, நேரம், சிறப்பு விருந்தினர், இடம், கட்டணம். உங்க பிராஞ்சில் நேரம் காலை 9.30, கட்டணம் 100 ரூபாய் என்று இருக்கிறது. உங்க டீம்மேட் பிராஞ்சில் நேரம் காலை 10, கட்டணம் 150 ரூபாய் என்று இருக்கிறது. மற்ற மூணு வரியும் ஒன்றேதான். இப்போ சொல்லுங்க, சரியான ஃபைல் எது?

சொல்ல முடியாது. நீங்க 10-ஐ 9.30 ஆக்கினீங்களா, இல்லை அவங்க 9.30-ஐ 10 ஆக்கினாங்களா என்று இந்த ரெண்டை மட்டும் பார்த்தால் தெரியாது. ஆனால் ரெண்டு பேரும் பிரிவதற்கு முன்னால் அந்த ஃபைல் எப்படி இருந்தது என்று தெரிந்தால் போதும். அதில் நேரம் 10, கட்டணம் 100 என்று இருந்ததாம். உடனே விடை கிடைத்துவிட்டது. நேரத்தை மாற்றியது நீங்க, கட்டணத்தை மாற்றியது அவங்க. ரெண்டையும் எடுத்துக்கொண்டால் 9.30 மணி, 150 ரூபாய்.

அந்த மூணாவது ஃபைலுக்குப் பெயர் மெர்ஜ் பேஸ். இந்த முறைக்கு த்ரீ-வே மெர்ஜ் என்று பெயர். ஃபைலின் ஒவ்வொரு பகுதிக்கும் கிட் போடுகிற கணக்கு மொத்தமே நாலு விதிதான்:

1. ரெண்டு பக்கமும் பேஸ் மாதிரியே இருந்தால், அப்படியே விட்டுவிடு.
2. ஒரு பக்கம் மட்டும் பேஸிலிருந்து மாறியிருந்தால், மாறியதை எடுத்துக்கொள்.
3. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மாறியிருந்தால், அதையே எடுத்துக்கொள்.
4. ரெண்டு பக்கமும் வேறு வேறு விதமாக மாறியிருந்தால், கை தூக்கிவிடு. அதுதான் கான்ஃப்ளிக்ட்.

இங்கே ஒரு விஷயம். கிட் வரி வரியாகத்தான் பார்க்கிறது, அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று அதுக்குத் தெரியாது. அதே வரியை ரெண்டு பேர் மாற்றினாலும் கான்ஃப்ளிக்ட்தான், ஒட்டி ஒட்டி இருக்கிற ரெண்டு வரிகளை ஆளுக்கொன்றாக மாற்றினாலும் கான்ஃப்ளிக்ட்தான். நம்ம உதாரணத்தில் நேரத்துக்கும் கட்டணத்துக்கும் நடுவில் ரெண்டு வரி மாறாமல் இருந்ததால் தப்பித்தோம்.

ரெண்டாவது விதியை மட்டும் மனசில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்க. பார்த்தால் சாதுவாக இருக்கும். பின்னாடி வேலையைக் காட்டப் போவது அதுதான்.

பேஸ் எங்கிருந்து வருது?

கிட்டில் ஒவ்வொரு கமிட்டும் தன்னோட பேரன்ட் கமிட் எது என்று எழுதி வைத்திருக்கும். மெர்ஜ் பண்ணச் சொன்னதும், ரெண்டு பிராஞ்சின் நுனியிலிருந்தும் கிட் பின்னாடியே நடந்து போகும். ரெண்டு பாதையும் சேர்கிற இடம் எதுவோ அதுதான் பேஸ். நீங்களே பார்க்கணும்னா 'கிட் மெர்ஜ்-பேஸ்' என்று அடித்து ரெண்டு பிராஞ்ச் பெயரையும் கொடுங்க, அந்த கமிட்டின் ஐடியைக் காட்டும்.

நீங்க பிராஞ்ச் எடுத்த பிறகு மெயினில் யாரும் எதுவும் செய்யவில்லை என்றால், பேஸும் மெயினும் ஒன்றேதான். கணக்குப் போட எதுவுமே இல்லை. மெயின் என்கிற பெயர்ப்பலகையைக் கழற்றி முன்னாடி நகர்த்தி வைத்தால் போதும். இதுதான் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட். ரெண்டு பக்கமும் வேலை நடந்திருந்தால் கிட் ஒரு புது கமிட் உருவாக்கும். அதுக்கு ரெண்டு பேரன்ட். அதுதான் மெர்ஜ் கமிட்.

சில சமயம் ரெண்டு பிராஞ்சும் மாற்றி மாற்றி மெர்ஜ் ஆகியிருக்கும், பொது மூதாதை ஒன்றுக்கு மேல் வந்து நிற்கும். அப்போது அந்த மூதாதைகளையே முதலில் ஒன்றோடொன்று மெர்ஜ் பண்ணி, தற்காலிகமாக ஒரு பேஸ் தயாரித்துக்கொள்ளும். இதைச் செய்கிற உத்திக்கு ரிகர்சிவ் என்று பெயர். 2021-இல் வந்த கிட் 2.34-இலிருந்து அதே வேலையை வேகமாகச் செய்கிற 'ஆர்ட்' என்கிற புது உத்திதான் டீஃபால்ட்.

இந்த மெர்ஜ் விஷயம் கிட்டுக்குப் பிறவியிலேயே வந்தது. லினக்ஸ் கெர்னல் டீம் 2002 முதல் பிட்கீப்பர் என்கிற தனியார் சாஃப்ட்வேரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. 2005-இல் அதன் இலவச லைசென்ஸ் நின்றுபோனது. அந்த ஏப்ரல் மாதமே லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுத ஆரம்பித்தார். உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் தனித்தனியாக வேலை செய்து அனுப்புவதை ஓயாமல் மெர்ஜ் பண்ணுவதுதான் அவருடைய அன்றாட வேலை. அதனால் மெர்ஜ் வேகமாகவும் நம்பகமாகவும் நடக்கணும் என்பதே கிட்டின் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

அதே காலத்தில் பிரபலமாக இருந்த சப்வெர்ஷனில் எந்த மெர்ஜ் ஏற்கெனவே நடந்தது என்பதை சிஸ்டம் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. எதிலிருந்து எதுவரை மெர்ஜ் பண்ணியாச்சு என்று மனுஷங்கதான் குறித்து வைத்துக்கொள்ளணும். 2008-இல் வந்த 1.5 வெர்ஷனில்தான் அந்த ஞாபகம் சேர்ந்தது. கிட்டுக்கு அந்தத் தலைவலி கிடையாது, ஏன்னா மெர்ஜ் கமிட்டின் ரெண்டு பேரன்ட்டே அந்த ஞாபகம். அடுத்த முறை அதே பிராஞ்சை மெர்ஜ் பண்ணினால், பேஸ் போன மெர்ஜ் வரைக்கும் முன்னேறியிருக்கும். பழையதை மறுபடி கேட்காது.

மெர்ஜ் கமிட் ஒரு கையெழுத்து

மறுபடி கேட்காது என்பதுதான் இங்கே விஷயமே. மெர்ஜ் கமிட் போடும்போது நீங்க கிட்டிடம் சொல்வது இதுதான்: "ரெண்டு பக்கமும் பார்த்துட்டேன். எது வேணும், எது வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ரிசல்ட் இது." கிட் அதை அப்படியே நம்பும். படித்துப் பார்த்தீங்களா என்று விசாரிக்காது.

இப்போ முதல் கட்சிக்கு வருவோம். கான்ஃப்ளிக்ட் வந்த இடத்தில் எல்லாம் "அக்செப்ட் கரன்ட்" அமுக்கி கமிட் போட்டாச்சு. கான்ஃப்ளிக்ட் வந்த துண்டுகளில் மட்டும் டீம்மேட் எழுதியது போய்விட்டது. மற்ற இடங்களில் அவங்க கோடு ஒழுங்காக உள்ளே வந்திருக்கும். அதாவது ஒரு ஃபீச்சரில் பாதி இருக்கும், பாதி இருக்காது. மொத்தமாகப் போயிருந்தாலாவது உடனே கண்ணில் பட்டிருக்கும்.

அவங்க வந்து பார்த்து, "என் கோடைக் காணோமே, மறுபடி மெர்ஜ் பண்றேன்" என்று முயற்சி பண்ணினால் கிட் சொல்லும் பதில்: "ஆல்ரெடி அப் டு டேட்". கிட்டைப் பொறுத்தவரை அந்த பிராஞ்ச் மெர்ஜ் ஆகிவிட்டது, அந்த வரிகளை நீங்க யோசித்து நிராகரித்துவிட்டீங்க. கையெழுத்து உங்களுடையது.

ஜிப் கட்சியின் கதை இன்னும் மோசம். டீம்மேட் அனுப்பிய ஜிப்பில் அவங்க எழுதிய புது பேஜ் இருக்கும். கூடவே, போன வாரத்து லாகின் ஃபைலும் இருக்கும். ஏன்னா இந்த வாரம் மெயினில் மாறிய லாகினை அவங்க புல் பண்ணவே இல்லை. நீங்க அந்த ஃபோல்டரை அப்படியே மேலே பேஸ்ட் பண்ணி கமிட் போடுறீங்க. கிட் பார்வையில் என்ன நடந்தது? புது லாகினை நீங்க வேண்டுமென்றே பழசாக மாற்றியிருக்கீங்க.

இப்போ மூணாவது ஆள் தன் பிராஞ்சில் மெயினை மெர்ஜ் பண்ணுகிறார். அவர் பிராஞ்சில் புது லாகின் இருக்கிறது, பேஸிலும் புது லாகின்தான் இருக்கிறது. மெயினில் மட்டும் மாறியிருக்கிறது. ஓரமாக வைக்கச் சொன்ன ரெண்டாவது விதி ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் மாறியதை எடுத்துக்கொள். கான்ஃப்ளிக்ட் கிடையாது, கேள்வி கிடையாது. பழைய லாகின் அவர் பிராஞ்சுக்குள்ளும் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துவிடும். கிட் சரியாகத்தான் வேலை செய்தது. அதுக்குக் கொடுத்த தகவல்தான் தப்பு.

இன்னொரு இழப்பும் இருக்கு. ஜிப்பைப் பேஸ்ட் பண்ணிய கமிட்டில் அத்தனை வரியும் பேஸ்ட் பண்ணியவர் பெயரில்தான் பதிவாகும். 'கிட் பிளேம்' போட்டால் அவர் பெயர்தான் வரும், கிட்ஹப்பில் கான்ட்ரிபியூட்டர்ஸ் பக்கத்திலும் அவர் மட்டும்தான் மலை மாதிரி நிற்பார். வைவாவில் கைடு அந்தப் பக்கத்தைத் திறந்து "நீ என்ன பண்ணினே?" என்று கேட்டால், ராத்திரி பகலாக உழைத்த ஆளுக்குக் காட்ட ஒரு கமிட்கூட இருக்காது.

கான்ஃப்ளிக்ட் வந்தா என்ன பண்ணணும்?

முதல் வேலை, மெர்ஜ் ஆரம்பிப்பதற்கு முன்னாடியே உங்க மாற்றங்களை கமிட் பண்ணிவிடுங்க. அப்போதான் எந்த நேரத்திலும் 'கிட் மெர்ஜ் --அபார்ட்' அடித்து பழைய நிலைமைக்குத் திரும்ப முடியும். கமிட் பண்ணாத மாற்றங்களோடு மெர்ஜில் இறங்கினால், அபார்ட் பண்ணும்போது அவை திரும்பக் கிடைக்கும் என்பதுக்கு உத்தரவாதம் இல்லை. அபார்ட் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பதற்றம் போய்விடும். ஃபோல்டரை டெலீட் பண்ணுகிற இரண்டாவது கட்சி தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அடுத்து 'கிட் ஸ்டேட்டஸ்'. எந்தெந்த ஃபைலில் கான்ஃப்ளிக்ட் என்று லிஸ்ட் வரும். ஃபைலைத் திறந்தால் 7 இடது அம்புக்குறி, அதுக்குக் கீழே நம்ம வரிகள், நடுவில் 7 சமக்குறி, பிறகு அவங்க வரிகள், கடைசியில் 7 வலது அம்புக்குறி. இங்கேதான் ஒரு குறை இருக்கு. இதில் காட்டுவது ரெண்டு பக்கம் மட்டும்தான். முடிவெடுக்கத் தேவையான மூணாவது ஃபைலை, அதாவது பேஸை, டீஃபால்ட்டாகக் காட்டாது. பேஸ் இல்லாமல் முடிவெடுக்க முடியாது என்று மேலே பார்த்தோமே, அதே நிலைமையில் நம்மளை நிறுத்திவிடுகிறது.

சரி பண்ண ஒரு செட்டிங் போதும். கிட் கான்ஃபிக்கில் 'மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்' என்பதை 'டிஃப்3' என்று மாற்றுங்க. நடுவில் 7 செங்குத்துக் கோடு போட்டு பேஸில் என்ன இருந்தது என்றும் காட்டும். 2022-இல் வந்த கிட் 2.35 அல்லது அதுக்கு மேலே இருந்தால் 'இசட்டிஃப்3' போடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற வரிகளை வெளியே தள்ளிவிட்டு, நிஜமாக முரண்படுவதை மட்டும் காட்டும். ஒரு தடவை பண்ணினால் போதும், அந்த லேப்டாப்பில் எல்லா ரெப்போவுக்கும் குளோபலாக வைத்துக்கொள்ளலாம்.

பேஸ் தெரிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தக் கோடு நல்லா இருக்கு?" என்பது கிடையாது. "பேஸிலிருந்து நான் எதுக்காக மாத்தினேன்? அவங்க எதுக்காக மாத்தினாங்க?" என்பதுதான். ரெண்டு நோக்கமும் நிறைவேறுகிற மாதிரி எழுதணும். பல நேரம் அந்த விடை ரெண்டு பக்கத்திலும் இருக்காது, மூணாவதாக ஒன்றை எழுத வேண்டியிருக்கும். அவங்க நோக்கம் புரியவில்லை என்றால் 'கிட் லாக் --மெர்ஜ்' அடியுங்க, கான்ஃப்ளிக்ட் ஆன ஃபைல்களைத் தொட்ட கமிட்களை மட்டும் ரெண்டு பக்கத்திலிருந்தும் காட்டும். அப்பவும் புரியலையா, போன் போட்டுக் கேளுங்க. ரெண்டு நிமிஷம் பேசினால் முடிகிற விஷயத்துக்கு ரெண்டு மணி நேரம் கோடை முறைத்துக்கொண்டு உட்காராதீங்க.

எழுதி முடித்ததும் 'கிட் டிஃப் --செக்' ஒரு தடவை. எங்கேயாவது அம்புக்குறி மிச்சம் இருந்தால் சொல்லிவிடும். பிறகு ப்ராஜெக்டை ஓட்டிப் பாருங்க, அதுக்கப்புறம்தான் ஆட், கமிட்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மெர்ஜ் பண்ணும்போது 'அவர்ஸ்' என்றால் நீங்க நிற்கிற பிராஞ்ச், 'தெயர்ஸ்' என்றால் உள்ளே வருகிற பிராஞ்ச். ரீபேஸ் பண்ணும்போது இது தலைகீழ். ரீபேஸ் என்பது உங்க கமிட்களைக் கழற்றி, மெயினின் நுனியில் ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டுவது. அப்போ கிட் நிற்கிற இடம் மெயின், உள்ளே வருவது உங்க சொந்தக் கோடு. ரீபேஸ் நடுவில் "கரன்ட்"டை அமுக்கினால் நீங்க தூக்கிப் போடுவது உங்க வேலையையே. அதோடு, மற்றவங்களும் வேலை செய்கிற பிராஞ்சை ரீபேஸ் பண்ணாதீங்க. பழைய கமிட்களுக்குப் பதில் புது ஐடியோடு வேறு கமிட்கள் வந்துவிடும், அவங்க எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள்.

சத்தமே போடாத மெர்ஜ்

இதுவரை கான்ஃப்ளிக்டைப் பற்றிப் பேசினோம். கான்ஃப்ளிக்ட் வந்தால் கிட் நேர்மையாக "எனக்குத் தெரியல, நீங்க பாருங்க" என்று சொல்கிறது. ஆபத்து, அது எதுவுமே சொல்லாதபோது.

சிம்போசியம் வெப்சைட்டுக்கே திரும்புவோம். கட்டணம் எவ்வளவு என்று சொல்கிற ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, 150 என்று ரூபாயில் கொடுக்கும். பேக்-எண்ட் பார்க்கிற ஆள் ரேஸர்பேயை இணைக்கிறார். அதுக்குத் தொகையை பைசாவில்தான் அனுப்பணும். அதனால் ஃபங்ஷனை 15000 என்று பைசாவில் கொடுக்கிற மாதிரி மாற்றிவிட்டு, அதைக் கூப்பிடுகிற எல்லா இடத்தையும் திருத்திவிடுகிறார். அவர் பிராஞ்சில் எல்லாம் பக்கா.

அதே வாரம் ஃப்ரண்ட்-எண்ட் பார்க்கிற ஆள் தன் பிராஞ்சில் ரசீது பேஜ் எழுதுகிறார். புது ஃபைல். அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டு, வருகிற எண்ணுக்கு முன்னாடி "ரூ." என்று போட்டுக் காட்டுகிறார். அவர் பிராஞ்சிலும் எல்லாம் பக்கா.

ரெண்டையும் மெர்ஜ் பண்ணினால் ஒரே வரியை ரெண்டு பேர் தொடவில்லை, ஒரே ஃபைலைக்கூடத் தொடவில்லை. மெர்ஜ் கண்ணாடி மாதிரி க்ளீன். ரசீதில் "ரூ. 15000" என்று வரும்.

இதுக்கு செமான்டிக் கான்ஃப்ளிக்ட் என்று சொல்வார்கள். தனித்தனியாக ரெண்டு பிராஞ்சும் சரி, சேர்ந்தால் தப்பு. வரிகளை ஒப்பிடுகிற எந்த டூலும் இதைக் கண்டுபிடிக்காது. ஃபங்ஷனின் பெயரை மாற்றியிருந்தாலாவது, பழைய பெயரில் கூப்பிடுகிற இடம் எர்ரர் காட்டியிருக்கும். அதனால் ஒரு ஃபங்ஷன் தருகிற விஷயத்தின் அர்த்தமே மாறுகிறது என்றால் அதன் பெயரையும் மாற்றிவிடுங்க. பழைய அர்த்தத்தை நம்பி எழுதிய கோடு சத்தம் போட்டு உடையும். சத்தம் போட்டு உடைவது நல்லது.

அதைவிட முக்கியம், மெர்ஜ் பண்ணிய பிறகு டெஸ்ட் ஓட்டுவது. "என் பிராஞ்சில் ஓடுச்சு" என்பது பதிலே கிடையாது, ஏன்னா மெர்ஜ் ஆன கோடு என்பது அதுக்கு முன்னாடி யாருமே ஓட்டிப் பார்க்காத ஒரு புது ப்ரோகிராம். பெரிய டெஸ்ட் சூட் எல்லாம் வேண்டாம். லாகின் ஆகுதா, கட்டணம் சரியா, ரசீது சரியா என்று அஞ்சாறு டெஸ்ட் இருந்தாலே போதும். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் புல் ரிக்வெஸ்டுக்கு டெஸ்ட் ஓடும்படி வைத்தால், டீஃபால்ட்டாக அது உங்க பிராஞ்சையும் மெயினையும் மெர்ஜ் பண்ணிய ரிசல்ட்டின் மேல்தான் ஓடும். நமக்குத் தேவையும் அதுதான்.

தப்பா மெர்ஜ் ஆயிடுச்சு, இப்போ?

இன்னும் புஷ் பண்ணவில்லை என்றால் ஈஸி. மெர்ஜுக்கு முன்னாடி பிராஞ்ச் எங்கே இருந்தது என்று 'ஒரிஜ்_ஹெட்' என்ற பெயரில் கிட் குறித்து வைத்திருக்கும். 'கிட் ரீசெட் --மெர்ஜ் ஒரிஜ்_ஹெட்' அடித்தால் பழைய இடத்துக்குப் போய்விடலாம்.

புஷ் பண்ணியாச்சு, மற்றவங்களும் புல் பண்ணிட்டாங்க என்றால் ஹிஸ்டரியை அழிக்காதீங்க, ரிவர்ட் பண்ணுங்க. மெர்ஜ் கமிட்டுக்கு ரெண்டு பேரன்ட் இருப்பதால், எந்தப் பக்கத்துக்குத் திரும்பணும் என்று சொல்லணும். 'கிட் ரிவர்ட் -எம் 1' என்று போட்டு மெர்ஜ் கமிட்டின் ஐடியைக் கொடுத்தால், நீங்க மெர்ஜ் பண்ணும்போது நின்றிருந்த பக்கத்தை வைத்துக்கொண்டு, உள்ளே வந்ததை எடுத்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கு, பெரிய டீம்களே மாட்டிக்கொள்கிற பொறி. ரிவர்ட் ஆன பிராஞ்சில் பக்கைச் சரி பண்ணி, மறுபடி மெயினில் மெர்ஜ் பண்ணுகிறீங்க. புதுசாகப் போட்ட ஃபிக்ஸ் மட்டும் வரும், பழைய ஃபீச்சர் வராது. ஏன்? ரிவர்ட் என்பது வரிகளை மட்டும்தான் எடுத்தது, "இந்த பிராஞ்ச் மெர்ஜ் ஆகிவிட்டது" என்கிற கையெழுத்தை எடுக்கவில்லை. பேஸ் இன்னும் அந்த மெர்ஜ் இடத்திலேயே இருக்கிறது. அதனால் முதலில் அந்த ரிவர்ட் கமிட்டையே ரிவர்ட் பண்ணணும், பிறகு மெர்ஜ் பண்ணணும். கேட்க வடிவேலு காமெடி மாதிரி இருந்தாலும், நாலு விதியை வைத்து யோசித்துப் பாருங்க, சரியாக வரும்.

கான்ஃப்ளிக்டே கம்மியா வரணும்னா

பேஸ் எவ்வளவு பழசோ, கான்ஃப்ளிக்ட் வருகிற வாய்ப்பு அவ்வளவு அதிகம். மூணு வாரம் தனியாகக் கிடந்த பிராஞ்சில் ரெண்டு பக்கமும் மூணு வாரத்து மாற்றங்கள் குவிந்திருக்கும். தினமும் மெயினை உங்க பிராஞ்சுக்குள் எடுத்துக்கொண்டால் ஒரு நாள் மாற்றத்தை மட்டும் சமாளித்தால் போதும். ஒரு ஃபீச்சர் முழுசாக முடியட்டும் என்று காத்திருக்காமல், உடையாத சின்னத் துண்டுகளாக மெயினுக்கு அனுப்புங்க.

லினக்ஸ் கெர்னலிலும் இதே பிரச்சினைதான், அளவு மட்டும்தான் வேறு. 9, 10 வாரத்துக்கு ஒரு ரிலீஸ். அதில் முதல் 2 வாரம் மெர்ஜ் விண்டோ, புது ஃபீச்சர் எல்லாம் அப்போதுதான் உள்ளே வரும். மீதி வாரங்கள் பக் ஃபிக்ஸுக்கு. 10,000-க்கும் மேற்பட்ட கமிட்கள் அந்த 2 வாரத்தில் திடீரென்று மோதிக்கொண்டால் என்ன ஆகும்? அதுக்காகத்தான் 2008 முதல் லினக்ஸ்-நெக்ஸ்ட் என்று ஒரு தனி ட்ரீ நடக்கிறது. அடுத்த ரிலீஸுக்குத் தயாராகிற பிராஞ்ச்களை எல்லாம் வேலை நாட்களில் ஒவ்வொரு நாளும் ஒன்றாக மெர்ஜ் பண்ணிப் பார்ப்பார்கள். யாருடைய கோடு யாருடைய கோடோடு முட்டுகிறது என்பது மெர்ஜ் விண்டோவுக்கு வாரக்கணக்கில் முன்னாடியே தெரிந்துவிடும். நம்ம டீமுக்குத் தனி ட்ரீ எல்லாம் தேவையில்லை. ரெவ்யூவுக்கு முந்தின நாள் முதல் தடவையாக மெர்ஜ் பண்ணாமல் இருந்தாலே போதும்.

தேவையே இல்லாமல் கான்ஃப்ளிக்ட் வரவைக்கிற சில பழக்கங்களும் இருக்கு:

ஃபார்மேட்டிங். ஒருத்தர் எடிட்டர் சேவ் பண்ணும்போதெல்லாம் மொத்த ஃபைலையும் அலைன் பண்ணினால், எல்லா வரியும் "மாறிய" வரியாகிவிடும். டீமே ஒரு ஃபார்மேட்டரை முடிவு பண்ணிக்கொள்ளுங்க. மொத்தமாக ஃபார்மேட் பண்ணுவதைத் தனி கமிட்டாக, யாரும் பிராஞ்ச் வைத்திருக்காத நேரத்தில் போடுங்க.

வரி முடிவு. விண்டோஸும் லினக்ஸும் வரியை வேறு வேறு குறியால் முடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஃபைல் முழுக்கச் சிவப்பாகும். ரெப்போவில் 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' ஃபைல் வைத்து டெக்ஸ்ட் என்பதை ஆட்டோ என்று கொடுத்தால் தீர்ந்தது.

ஜூபிட்டர் நோட்புக். அது உள்ளே ஜேசன் ஃபைல். எத்தனையாவது தடவை ரன் பண்ணினீங்க என்ற எண்ணும், அவுட்புட் படங்களும்கூட அதிலேயே இருக்கும். கமிட்டுக்கு முன்னாடி அவுட்புட்டை க்ளியர் பண்ணுங்க. நோட்புக்குக்கென்றே 'என்பிடைம்' என்ற மெர்ஜ் டூலும் இருக்கு.

லாக் ஃபைல். என்பிஎம் உருவாக்குகிற 'பேக்கேஜ்-லாக்' ஃபைலில் கான்ஃப்ளிக்ட் வந்தால் கையால் திருத்தாதீங்க. முதலில் 'பேக்கேஜ்.ஜேசன்' கான்ஃப்ளிக்டைச் சரி பண்ணிவிட்டு 'என்பிஎம் இன்ஸ்டால்' ஓட்டுங்க, லாக் ஃபைலை அதுவே சரி பண்ணிக்கொள்ளும்.

படம், வேர்ட் டாக்குமென்ட், சர்க்யூட் லேஅவுட். இதையெல்லாம் கிட்டால் மெர்ஜ் பண்ண முடியாது, ஏதாவது ஒரு பக்கத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இதுக்கு மட்டும் வாட்ஸ்அப்தான் சரி: "ரிப்போர்ட்டை இப்ப நான் எடிட் பண்றேன், யாரும் தொடாதீங்க."

இதையெல்லாம் ப்ராஜெக்ட் ரெப்போவில் முதல் தடவை முயற்சி பண்ணாதீங்க. ஒரு காலி ஃபோல்டரில் 'கிட் இனிட்' போடுங்க. அஞ்சு வரியில் ஒரு மெஸ் மெனு எழுதி கமிட் பண்ணுங்க. ரெண்டு பிராஞ்ச் எடுத்து, திங்கட்கிழமை டிஃபனை ஒன்றில் பொங்கல் ஆக்குங்க, இன்னொன்றில் பூரி ஆக்குங்க. மெர்ஜ் பண்ணி, அபார்ட் பண்ணி, இசட்டிஃப்3 போட்டு மறுபடி மெர்ஜ் பண்ணிப் பாருங்க. ரிவர்ட்டையே ரிவர்ட் பண்ணுகிற கதையையும் அங்கேயே ஓட்டிப் பார்த்துவிடுங்க. அரை மணி நேரம்தான் ஆகும். எவ்வளவு குழப்பினாலும் போவது ஒரு நாள் டிஃபன் மட்டும்தான், யாருடைய ரெண்டு வார உழைப்பும் இல்லை.